வீட்டு ஸ்டூடியோவில் கரண்ட் இரைச்சல்: மலையகத்திலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), பின்பக்கக் காம்பிராவை அடைத்து ஒலிப்பதிவு அறையாக வைத்திருக்கிறேன். தேர்த் திருவிழாப் பாட்டு, பஜனை, கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப் பாட்டு, இடையிடையே தப்பு மேளம் அடிக்கிற தம்பிமார். இவ்வளவுதான் என் வேலை. நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் பாட்டைப் பதிந்த நேரத்தைவிட இரைச்சலைத் துரத்திய நேரம்தான் எனக்கு அதிகம். அது தெரிந்தவர்கள் போன் எடுத்து, "அண்ணே, இதைக் கேளுங்க" என்று ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்கிறார்கள். போனில் அந்தத் தாழ்ந்த சத்தம் வரவே வராது. அதனால் நான் திருப்பிக் கேட்கிற கேள்விகளையும் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாரும் பாடவில்லை, எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சாமானைக் குறை சொல்வதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். எந்த மாதிரிச் சத்தம் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஆட்டம் நேரே ஒலிக்கம்பியில் ஏறினால், பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டைப் பிடித்த மாதிரி அடிவயிற்றில் ஒரு உறுமல் கேட்கும். அந்தக் கட்டில் வருவது 49 ஹேர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுருதி. பெரும்பாலும் இது ஏர்த் சுற்று (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்), அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்போர்மர்.

ஒரு ஸ்தாயி மேலே, கரகரப்போடு "ஜ்ஜ்ஜ்" என்று வந்தால் அது 100 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். 61 கட்டை கீபோர்டில் இடது ஓரத்து முதல் ஜி-யை அமுக்கிப் பாருங்கள். அது 98 ஹேர்ட்ஸ், இரைச்சலோடு ஒட்டிக்கொண்டு வரும். பழைய மிக்சர், பழைய ஆம்ப் (ஆம்பிளிஃபையர்) என்றால் உள்ளே மின்சாரத்தைச் சமன் செய்கிற பெரிய கண்டென்சர்கள் களைத்துப் போயிருக்கலாம். இல்லையென்றால் மின்குமிழ் டிம்மர், மின்விசிறி ரெகுலேட்டர்.

"ஸ்ஸ்ஸ்" என்ற சீறல் கரண்ட் இல்லை. மைக்கை வாயிலிருந்து தூர வைத்துவிட்டு கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டும் குமிழை) முழுக்கத் திருகியிருப்பீர்கள். "கீஈஈ" என்று மெல்லிய சத்தம் வந்து, மவுஸை அசைக்கும்போது அதுவும் அசைந்தால் அது கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி வழியாக வருவது.

இனித் தேடுகிற முறை. எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜர் இல்லாமல் பாட்டரியில் ஓடும் லாப்டொப், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, ஹெட்போன் ஆகிய மூன்றும் மட்டும் இருக்கட்டும். இரைச்சல் இல்லையா? சரி. இப்போது ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒன்றைச் சேர்த்ததும் அரை நிமிடம் கேளுங்கள். அப்புறம் அடுத்தது. எந்தச் சாமானைச் சொருகும்போது சத்தம் வருகிறதோ, அதை ஒரு துண்டில் குறியுங்கள். குற்றவாளி எப்போதும் அந்தச் சாமானே என்று நினைக்க வேண்டாம். அது ஏற்கெனவே இருக்கும் இன்னொன்றோடு சேர்ந்து செய்கிற வேலையாகவும் இருக்கும். இரண்டு வயரை ஒரே நேரத்தில் மாற்றினீர்களோ, தொலைந்தது. எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

லாப்டொப் சார்ஜரைப் போட்டால் உறுமுகிறது, கழற்றினால் சுத்தமாகிறது. சார்ஜர் பழுதா?

எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். பெரும்பாலும் சார்ஜர் பழுதில்லை.

பீலிக் கரையில் ஒரே தொட்டிக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாய்க்காலின் மட்டமும் துளி வித்தியாசம் என்றால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏர்த்தும் அப்படித்தான். லாப்டொப் தன் மூன்று முள் பிளக் வழியாக ஏர்த்தைத் தொடுகிறது. ஆம்ப் தன் பிளக் வழியாக இன்னொரு பொயின்டில் ஏர்த்தைத் தொடுகிறது. இரண்டையும் இணைக்கிற ஒலி வயரின் மேல்வலையும் ஒரு வழி. ஆக ஒரு வட்டம் பூர்த்தியாகிறது, இதுதான் ஏர்த் சுற்று. அந்த வட்டத்தில் சுற்றுகிற சின்னக் கரண்ட்தான் உங்கள் பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

முதல் மருந்து செலவில்லாதது. ஸ்டூடியோவின் எல்லாச் சாமானையும் ஒரே சுவர்ப் பொயின்டிலிருந்து, ஒரே நல்ல மல்டி பிளக் வழியாக எடுங்கள். ஒரு வீட்டு ஸ்டூடியோ மொத்தமாக இழுப்பது ஒரு கேத்தல் இழுப்பதைவிடக் குறைவு, 13 அம்பியர் பொயின்ட் ஒன்று தாராளமாகப் போதும். ஆம்ப் ஒரு அறையிலும் கம்ப்யூட்டர் இன்னொரு அறையிலும் இருந்தால், அதே பொயின்டிலிருந்து அறைக்கு அறை கரண்ட் வயர் இழுங்கள், ஏர்த்தை இரண்டாகப் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது, வயர். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர் உள்ளே ஒரு கம்பியும் மேல்வலையும் மட்டும் உள்ள சாதாரண வயராக இருந்தால், பாலன்ஸ்ட் வயருக்கு மாறுங்கள். எக்ஸ்எல்ஆர், அல்லது முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ். அதில் பாட்டு ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். அந்தப் பக்கம் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது பாட்டு மிஞ்சும், இரைச்சல் செத்துப்போகும். ஆனால் இரண்டு பக்கச் சாமானும் அதற்கு இடம் தரவேண்டும்.

இரண்டும் சரிவராவிட்டால் டிரான்ஸ்போர்மர் வைத்த ஐசொலேட்டர் பெட்டி ஒன்றை ஒலி வயரின் நடுவில் போடலாம். மலிவானதில் பேஸ் மெலியும். கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் டிஐ பெட்டி (வாத்தியத்தின் ஒலியைப் பாலன்ஸ்ட் வயருக்கு மாற்றித் தருவது) இருந்தால் அதன் ஏர்த் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அது ஒலி வயரின் ஏர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் ஏர்த்தைத் தொடாது. அதனால் ஆபத்தில்லை.

பிளக்கின் ஏர்த் முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. இரைச்சல் போகும், உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏர்த் முள் இருப்பது பாட்டுக்காக இல்லை. ஆம்பின் உள்ளே ஒரு வயர் தேய்ந்து இரும்பு உடலைத் தொட்டால், அந்தக் கரண்ட் உங்கள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு வழி அந்த முள். வழியை வெட்டிவிட்டீர்கள் என்றால் ஆம்பிலிருந்து கிட்டார் கம்பி, கம்பியிலிருந்து விரல், விரலிலிருந்து உதடு, உதட்டிலிருந்து மைக், மைக்கிலிருந்து மண். இப்படி ஒருவரின் நெஞ்சுக்குள்ளாகப் பாதை போட்டுக்கொடுக்கிறோம். ஒரு கோயில் மேடையில் இப்படி முள் வெட்டிய ஆம்போடு பாடிய பொடியன் மைக்கில் உதடு பட்டதும் பின்னால் விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். தப்பிவிட்டான். இரண்டு நாள் உதடு வீங்கியிருந்தது. அந்தப் பிளக்கை வெட்டியது யார் என்று கடைசிவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு பழக்கம். 13 அம்பியர் பொயின்டின் மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு மூடியைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் சொருகுவது. செய்யாதவர் இந்த நாட்டில் இருந்தால் கையைத் தூக்குங்கள். உருண்டை முள் அந்தச் சதுர ஓட்டையில் ஒழுங்காகப் பிடிக்காது. லேசாக ஆடும். ஆடும்போது உள்ளே பொறி. அந்தப் பொறிதான் பதிவில் "கிரிச் கிரிச்" என்று வருகிறது. சரியான பிளக்கை மாட்டிக்கொள்ளுங்கள்.

கிட்டார் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் நிற்கிறது. விட்டால் மறுபடி வருகிறது. இது நல்லதா கெட்டதா?

சாதாரணம். உங்கள் உடம்பு காற்றிலிருக்கும் இரைச்சலை வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் ஏர்த்தோடு சேர்ந்துவிடுவதால் அடங்குகிறது. தொட்டதும் இரைச்சல் கூடினால்தான் யோசிக்க வேண்டும். ஏர்த் அறுந்திருக்கலாம், அல்லது கிட்டார் சொக்கட்டில் வயர் மாறியிருக்கலாம்.

தனிச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) உள்ள கிட்டார் என்றால் கையில் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் பெருகும், ஒரு திசையில் கிட்டத்தட்ட மறையும். மறைகிற திசையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பதியுங்கள். எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது.

லாப்டொப் உடம்பைத் தடவினால் விரலில் ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஷாக்கா?

இரண்டு முள் சார்ஜர் போட்டிருப்பீர்கள். அதன் உள்ளே இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சிறு கண்டென்சர் வழியாக நூலளவு கரண்ட் கசியும். மல்டிமீட்டர் வைத்தால் 100 வோல்ட் பக்கம் காட்டிப் பயமுறுத்தும். ஆனால் ஓடுகிற கரண்ட் மில்லியம்பியரில் ஒரு பின்னம், உயிருக்கு ஆபத்தில்லை. அதே கசிவு மைக் வயரில் ஏறினால் இரைச்சல். ஏர்த் உள்ள மூன்று முள் சார்ஜர், அல்லது பதியும் நேரத்தில் பாட்டரி.

ஊர்வது என்று இல்லாமல் "சுளீர்" என்று இழுத்தால் இது அந்தக் கதை இல்லை. உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் லயத்து வீட்டில் ஏர்த் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் மலையில் கரண்ட் பிறக்கிறது. பழைய லக்சபான மின்நிலையம் 1950 இல், நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நிலையம் 1965 இல், தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012 இல். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கள் காலடியில் ஓடித்தான் கொழும்பில் விளக்கெரிந்தது. லயங்கள் பலவற்றுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தபோதும் ஒரு காம்பிராவுக்கு ஒரு குமிழ், ஒரு பொயின்ட் என்ற கணக்கில்தான். அப்புறம் ஒவ்வொருவரும் தம் வசதிக்கு இழுத்த வயர்கள்தான் இன்று சுவர் முழுக்க. அந்த வயரிங்கின் மேல்தான் நாம் ஸ்டூடியோ கட்டுகிறோம்.

நம் வீடுகளில் ஏர்த் என்பது வீட்டுப் பக்கத்தில் மண்ணில் இறக்கிய கோல். அந்தக் கோலைக் கண்டுபிடியுங்கள். மெயின் சுவிட்சிலிருந்து பச்சை, அல்லது பச்சை மஞ்சள் வயர் இறங்கிப் போகும். முடிகிற இடத்தில் கிளிப் துருப்பிடித்திருக்கிறதா, வயர் அறுந்து தொங்குகிறதா, கோழிக்கூட்டுக்கு யாராவது கோலையே பிடுங்கிப் போய்விட்டார்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. பாறை மண்ணில் ஆழமாக இறங்காத கோலும், பெப்ரவரி, மார்ச் வெயிலில் மண் வறண்ட கோலும் சரியாக வேலை செய்யாது.

டெஸ்டரில் விளக்கெரிந்தால் ஏர்த் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டெஸ்டர் லைவ் எந்த ஓட்டையில் என்பதை மட்டும்தான் சொல்லும். மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவர் என்றால் லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையில் பார்க்கலாம். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் காட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். பாதி, கால் என்று அலைந்தால் ஏர்த் அறுந்திருக்கிறது. சமமாகக் காட்டினாலும் ஏர்த் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது. அதற்கு ஏர்த் டெஸ்டர் என்று தனி மீட்டர் உண்டு, வயர்மேன் கொண்டுவர வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். வரிசை லயத்தில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே ஏர்த் வயர் என்றால், பக்கத்து வீட்டுக் கேத்தலில் ஏற்படும் பழுது உங்கள் மிக்சரின் இரும்பு உடம்பில் வந்து நிற்கலாம். கோல் சரியில்லாதபோது அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போக முடியாமல் எல்லார் வீட்டு ஏர்த் கம்பியிலும் ஏறிக்கொள்ளும். ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்துவது) இல்லாத வீட்டில் மைக் பிடித்துப் பாட நான் யாரையும் விடமாட்டேன்.

அப்படியென்றால் ஸ்டூடியோவுக்கு மட்டும் தனியாக ஒரு ஏர்த் கோல் இறக்கிவிடட்டுமா?

தனியாக வேண்டாம். வீட்டில் ஒரு ஏர்த், ஸ்டூடியோவில் ஒரு ஏர்த் என்றால் மேலே சொன்ன வட்டத்தை நீங்களே பெரிதாகக் கட்டுகிறீர்கள். பக்கத்தில் இடி விழும்போது இரண்டு கோலுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது உங்கள் சாமான் வழியாகத்தான் சமப்படும். இருக்கிற ஏர்த்தைத் திருத்துங்கள். இன்னொரு கோல் இறக்கத்தான் வேண்டும் என்றால் பழையதோடு தடித்த வயரால் இணைத்தே இறக்க வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே இருட்டு. என்ன செய்ய?

வீடுகளில் போடுகிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியர் கசிவில் விழும். ஒவ்வொரு அடாப்டரும் துளித்துளியாகக் கசிகிறது. நிறைய அடாப்டரைக் கூட்டினால் விளிம்பை நெருங்கலாம், அப்புறம் யாராவது ஈரக் கையோடு ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். மழைக் காலத்தில் வெளிச்சுவர் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியும் விழும். அடைமழை நாளில் மட்டும் விழுகிறதென்றால் முதலில் இஸ்தோப்புக் (முன் திண்ணைக்) குமிழையும் பின்பக்கத் தகரத்துக்குக் கீழே ஓடும் வயரையும் பாருங்கள். தொல்லை தாங்காமல் ட்ரிப் சுவிட்சையே ஓரம்கட்டி நேரே வயர் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே நான் தேத்தண்ணி குடிப்பேன், பதிவு செய்ய மாட்டேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் இரைச்சல் கூடுகிறது. பகலில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆறிலிருந்து பத்து வரை எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், கேத்தல், டீவி. லைன் கோடியில் இருக்கிற வீட்டுக்கு வோல்ட் இறங்கிவிடும். 230 வோல்ட்டில் ஆறு வீதம் ஏற்றத்தாழ்வு அனுமதி, அதாவது 216 இலிருந்து 244 வரை. அதற்குக் கீழே போகிறதா என்று மல்டிமீட்டரில் ஒரு வாரம் எழுதி வையுங்கள். முறையிடப் போகும்போது கையில் காகிதம் இருந்தால் பேச்சே வேறு.

லாப்டொப் சார்ஜரின் முதுகைப் பாருங்கள். 100 இலிருந்து 240 வரை என்று இருக்கும். வோல்ட் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. கஷ்டம் பழைய டிரான்ஸ்போர்மர் மிக்சருக்கும் ஆம்புக்கும்தான். வோல்ட் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் உள்ளே சமன் செய்யும் பகுதிக்கு மூச்சு முட்டி, அந்த 100 ஹேர்ட்ஸ் உறுமல் தப்பி வெளியே வந்துவிடும். இதற்கு ஸ்டெபிலைசர் உதவும். ஆனால் அது உள்ளே ரிலே மாற்றும் ஒவ்வொரு முறையும் "டக்" என்று தட்டும், அது மைக்கிலும் விழும். நான் செய்வது வேறு. குரலைக் காலை பத்து மணிக்குப் பதிகிறேன். இரவில் பெரும்பாலும் மிக்ஸ் மட்டும்.

யூபிஎஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதிந்ததைக் காப்பாற்றும். இரைச்சலைத் தீர்க்காது, சில நேரம் கூட்டும். மலிவு யூபிஎஸ் பாட்டரியில் ஓடும்போது கொடுக்கிற மின்சாரம் வழவழப்பான அலையாக இல்லாமல் படிப்படியாக வெட்டிய மாதிரி இருக்கும். டிரான்ஸ்போர்மர் உள்ள சாமான்கள் அதில் "ஜ்ஜ்ர்ர்" என்று கத்தும். வாங்குவதென்றால் சைன் அலை கொடுப்பது என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சுவரிலிருந்து யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஏர்த்தும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. கழற்றாமல் சுவர் சுவிட்சை மட்டும் நிறுத்துங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறையில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று செய்தி வந்தது. அன்று ஐந்து பேர் பஜனைக் குழு என் அறையில். யூபிஎஸ் தந்த எட்டு நிமிடத்தில் செய்தது இரண்டே வேலை: சேமித்தேன், ஒழுங்காக நிறுத்தினேன். எட்டு நிமிடத்துக்குள் இன்னொரு டேக் எடுக்க ஆசைப்பட்டிருந்தால் காலையில் பதிந்த நாலு பாட்டும் போயிருக்கும். மென்பொருளில் தானாகச் சேமிக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் திரும்பி வரும் அந்த முதல் நொடியும் கெட்டது, ஏற்ற இறக்கத்தோடு வரும். பிளக்குகளைக் கழற்றி வைத்திருந்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இடி மின்னலுக்கு சேர்ஜ் புரொடெக்டர் போதுமா?

போதாது. அது லைனில் வருகிற சின்னத் துள்ளல்களை அடக்கும். பக்கத்து சைப்ரஸ் மரத்தில் விழுகிற மின்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகல் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுவதுதான் ஒரே மருந்து. சுவிட்சை நிறுத்துவது போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கணக்கு. மின்னல் வானத்திலிருந்து தாண்டி வந்தது.

கரண்ட் பிளக் மட்டும் இல்லை. ரவுட்டருக்கு வரும் போன் வயர், டிஷ் அன்டனா வயர் எல்லாமே பாதைதான். என் முதல் இன்டர்ஃபேஸ் செத்தது கரண்ட் வழியாக இல்லை. கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். போன் லைனில் வந்து, ரவுட்டரில் இறங்கி, நெட்வொர்க் வயரில் கம்ப்யூட்டருக்குப் போய், யூஎஸ்பி வழியாக அதைச் சாப்பிட்டுவிட்டது.

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கழற்றப் போவதும் ஆபத்துதான், அந்த நேரத்தில் வயரைத் தொடக் கூடாது. வானம் உறுமத் தொடங்கும்போதே கழற்றிவிடுங்கள்.

பனி நாட்களில் கண்டென்சர் மைக் "பொட் பொட்" என்று வெடிக்கிறது. மைக் போய்விட்டதா?

பெரும்பாலும் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் மின்னேற்றம் நின்றால்தான் அது வேலை செய்யும். ஈரப் படலம் விழுந்தால் அந்த மின்னேற்றம் விட்டு விட்டுக் கசியும். ஒவ்வொரு கசிவும் ஒரு வெடி. 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி இரவில் வண்டிக்குள் விட்ட மைக்கைக் காலையில் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், மூக்குக்கண்ணாடி புகைவது மாதிரி உள்ளே தண்ணீர் படியும். பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே அறையில் வையுங்கள். மலையிலிருந்து கொழும்புக்கு இறக்கும்போதும் இதே கதைதான்.

தென்மேல் பருவம் முழுக்க மைக்கைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசியில் போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசித் தூள் உள்ளே போனால் அப்புறம் அதுவும் ஒரு இரைச்சல். ஹேர் டிரையரும் வேண்டாம். வெடிக்கிற மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டமை (இன்டர்ஃபேஸ் மைக் வயர் வழியாகவே கொடுக்கும் மின்சாரத்தை) போட்டு அரை மணி நேரம் சும்மா விட்டால், உள்ளே வரும் இளஞ்சூட்டில் பல நேரம் தானே சரியாகும். ஃபாண்டமைப் போடும்போதும் எடுக்கும்போதும் ஸ்பீக்கரை அடக்கி வையுங்கள்.

ஈரம் பிளக், சொக்கட் எல்லாவற்றையும்தான் கெடுக்கும். மிக்சர் குமிழைத் திருகும்போது "கரகர" என்றால் கண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, பின்பு இருபது தடவை முழுக்கத் திருகுங்கள். சைக்கிளுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"டிடிட் டிடிட்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிறது.

போன்தான். அறைக்கு வெளியே வையுங்கள். பாட வருகிறவர்களின் சட்டைப் பையிலும் பாருங்கள்.

நடுவில் திடீரென்று "டப்" என்று ஒரு தட்டு விழுகிறது. நேரம் காலம் இல்லை.

பிரிஜ்ஜின் மோட்டார் தொடங்கும் தட்டு. பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சந்தேகமே இல்லை. பதியும்போது பிரிஜ்ஜை நிறுத்தலாம். திரும்பப் போட மறக்காமலிருக்க நான் என் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிரிஜ்ஜுக்குள் வைத்துவிடுவேன்.

ஏற்கெனவே பதிந்ததில் உறுமல் இருக்கிறது. பாடியவர் ஊருக்குப் போய்விட்டார். எடுக்க முடியுமா?

ஓரளவு. பெண்குரல் என்றால் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், குரலுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் 100, 150, 200, 250 ஆகிய இடங்களில் ஊசி மாதிரி மெல்லிய வெட்டு. இரைச்சல் அந்த மடங்குகளில்தான் உட்கார்ந்திருக்கும். ஒடாசிட்டி மென்பொருளின் இரைச்சல் குறைப்பைப் பயன்படுத்துவதென்றால் யாரும் பேசாத ஐந்து நொடியை அதற்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் முன் ஐந்து நொடி மௌனத்தைச் சேர்த்துப் பதியுங்கள். கூட்டிப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

தப்பு மேளத்துக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. அதன் அடி அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது, வெட்டினால் தகரம் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

எப்போது நானே பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்?

பிளக் கைக்குச் சுட்டால். எரிந்த வாசம் வந்தால். இரும்பு உடம்பைத் தொட்டு ஷாக் அடித்தால். ஆம்பைக் கழற்ற வேண்டி வந்தால், குறிப்பாக வால்வு ஆம்ப். பிளக்கைக் கழற்றி வைத்த பிறகும் அதன் கண்டென்சர்களில் பல நூறு வோல்ட் நிற்கும்.

நீங்கள் சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். இன்னும் மெல்லிதாக ஒரு உறுமல் இருக்கிறது.

மைக் வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் இன்னும் கரண்ட்தான், முதல் கேள்விக்குத் திரும்புங்கள். மைக்கைக் கழற்றியதும் போய்விட்டதா? அப்படியானால் அது பெரும்பாலும் வயரில் இல்லை, காற்றில் வருகிறது. வெளியே போய் நின்று கேளுங்கள்.

நான் மூன்று மாதம் துரத்திய ஒரு உறுமல் உண்டு. வயர் எல்லாம் மாற்றினேன், இன்டர்ஃபேஸை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன், மல்டி பிளக்கையும் மாற்றினேன். கடைசியில் ஒரு ராத்திரி இஸ்தோப்பில் சுருட்டோடு உட்கார்ந்திருந்த தாத்தா, "ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுறாங்கப்பா" என்றார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்தை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள் விடிய விடிய ஓடுகிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் எங்கள் காதில் விழவில்லை. மைக்கில் விழுந்தது. எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கொழுந்து எடுப்பதில்லை, அன்று இரவு தொட்டிகள் காலி. மெதுவாகப் பாட வேண்டிய பாட்டுகளை இப்போது ஞாயிறு இரவுக்குத்தான் வைத்துக்கொள்கிறேன்.